விரல் கோணின காக்கா

எனக்கு எங்க அண்ணனைப் பிடிக்காது. இதை முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் யாரும் என்னைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். ஆடிக்கொரு தரம் அமாவாசைக்கொரு தரம்னு சொல்லுவாங்களே, அவரு அதுல பாதி. ஆடிக்கும் வரமாட்டாரு. இந்த வருஷம் புரட்டாசி அமாவாசைக்கு கே.எல்லருந்து, அதான் கோலாலம்பூர்லருந்து, வர்றேன்னு போன் பண்ணினப்போ எனக்கு முதல்ல வந்த நினைப்பு அம்மாவைப் பத்தி இல்ல. தேன் பருந்து கடந்து போற வாரமாச்சே, இந்த மனுஷன் வந்து கெடுக்கப் போறாரேன்னுதான் தோணுச்சு.

நம்ம பினாங்குல இலை உதிர்ற காலம்னு ஒண்ணு கிடையாது. வெயில், மழை, நடுவுல புகைமூட்டம், அவ்வளவுதான். ஆனா செப்டம்பர் கடைசி ஆச்சுன்னா வடக்க குளிர் தட்டி, அங்கிருக்கிற பறவையெல்லாம் இந்தப் பக்கமா இறங்கும். தகைவிலான் குருவி லைட்டுக் கம்பியில வரிசையா வந்து உட்காரும். தண்ணி வத்தின சேத்துல உள்ளான் ஓடும். நான் வேலை செய்யறது துறைமுகத்துக்கிட்ட ஒரு சரக்கு அனுப்பற ஆபீஸ்ல. எங்க தாத்தா மூட்டை தூக்கின அதே துறைமுகம், நான் ஏர்கான்ல உட்கார்ந்து பில் அடிக்கிறேன். சாப்பாட்டு நேரத்துல படகுத்துறையில போய் நின்னா, மிதவை மேல ஆலாப் பறவைங்க ஒண்ணையொண்ணு கொத்தித் தள்ளிக்கிட்டு இடத்துக்குச் சண்டை போடும். அதைப் பார்த்துக்கிட்டே நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோத்தைத் தின்னுட்டு ஆபீஸுக்குத் திரும்புவேன்.

வீடு தஞ்சோங் தோக்கோங்ல, கடல் முனைக்கு நடக்கிற தூரத்துல ஒரு பழைய ஃப்ளாட். அம்மா படுத்த படுக்கையா இருந்த வருஷங்கள்ல எனக்குன்னு இருந்த ஒரே நேரம் காலையில அந்த முனையில பைனாகுலரோட நிக்கறதுதான். கீழ்வீட்டு மலாய்க்காரம்மா மாக்சிக் வந்து கொஞ்ச நேரம் அம்மாகிட்ட உட்காருவாங்க, நான் ஓடுவேன். அங்கயும் நிம்மதியா இருக்க விடமாட்டானுங்க. பீரங்கி சைஸுல லென்ஸ் மாட்டிக்கிட்டு ஒரு கூட்டம் வரும். பறக்கற படம் வேணுமாம், அதுக்காக ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்து அப்பத்தான் உட்கார்ந்த உள்ளானைக் கல்லு விட்டுக் கிளப்புவானுங்க. ஒரு தடவை ஒருத்தனோட கேமரா மூடியைப் பிடுங்கிக் கடல்ல எறிஞ்சேன். அதுலருந்து அவனுங்க எனக்குத் தூரமாத்தான் நிப்பானுங்க.

அம்மாவுக்கும் என் பறவைப் பைத்தியம் ஆகாது. “பொம்பளைப் பிள்ளை காலாகாலத்துல கல்யாணம் கட்டியிருந்தா இப்படி கண்ணாடியைத் தூக்கிக்கிட்டு அலைய மாட்டே”ம்பாங்க. ஆனா காக்கா மட்டும் அவங்களுக்குப் பறவைக் கணக்குல சேர்த்தி இல்ல. காக்கான்னா அது அப்பா. உட்கார முடிஞ்ச நாள் வரைக்கும், தான் ஒரு வாய் வைக்கறதுக்கு முன்ன பருப்புச் சோத்தை உருட்டி, ஜன்னலுக்கு வெளியில ஏர்கான் பெட்டி மேல வச்சுக் கூப்பிடுவாங்க. எல்லாக் காக்காயும் வரும், ஆனா முதல்ல தின்னறது ஒண்ணுதான். எந்தத் தூண்டில் நைலான் சுத்தினதோ, வலது கால்ல ஒரு விரல் வெளிப்பக்கமா கோணிப் போயிருக்கும். அது அம்மா கையிலருந்தே வாங்கும். “வாங்க, சாப்பிடுங்க, பொறுமையா சாப்பிடுங்க”ன்னு அதுக்கு அவ்வளவு மரியாதை. என்னைக் கூப்பிட்டா ‘ஏய்’தான்.

அப்புறம் உட்காரவும் முடியாமப் போச்சு. ஊட்டி விடணும். நான் கஞ்சியை எடுத்துக்கிட்டுப் போனா வாயை இறுக்கி மூடிக்குவாங்க. கெஞ்சி, அதட்டி, கன்னத்தைத் தடவி, ஒரு கிண்ணம் இறங்கறதுக்குள்ள எனக்கு உசுரு போயிரும். எப்பவாவது அண்ணன் வருவாரு. ஒரு ஸ்பூன் எடுத்து நீட்டுவாரு. அம்மா வாய் தன்னால திறக்கும். நான் அங்கயே நின்னா திரும்ப மூடிக்கும், “நீ போ, அவன் ஊட்டட்டும்”னு கண்ணாலயே காட்டுவாங்க. நான் அடுப்படிக்குப் போனதும் கிண்ணம் காலி. “பாத்தியா, பொறுமையா ஊட்டணும்லா” அப்படின்னு அண்ணன் எனக்குப் பாடம் எடுப்பாரு. அண்ணி பக்கத்துல நின்னு தலையாட்டும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சும்பாங்க. எங்க வீட்டுல குஞ்சு ரெண்டு, பொன் ஒண்ணுதான்.

போன வருஷம் ஆடியில அம்மா போனாங்க. அதுக்கு முன்ன பத்துப் பதினைஞ்சு நாளா “அவன் எங்க, அவன் எங்க”ன்னு ஒரே கேள்வி. நான் அண்ணனுக்குப் போன் மேல போன். “அடுத்த வாரம் வர்றேன்”னாரு. அந்த அடுத்த வாரம் வந்தாரு, கொள்ளி வைக்க.

காக்கா சங்கதிக்கு வர்றேன். அம்மா போனதுக்கப்புறம் நான் சோறு வைக்கறதை நிறுத்திட்டேன். கீழ்வீட்டு மாக்சிக் துணி காயப்போடற கம்பியெல்லாம் எச்சம், அவங்ககிட்ட எத்தனை நாள்தான் மன்னிப்புக் கேக்கறது. விரல் கோணினது மட்டும் தினம் வந்து கண்ணாடியைத் தட்டும். தட்டிட்டுப் போகட்டும்னு விட்டேன். ஆனா அக்டோபர்ல ஒரு காலையில, பச்சை முதுகும் நீல இறக்கையுமா ஒரு சின்னப் பறவை, வடக்கேயிருந்து ராத்திரியெல்லாம் பறந்து வந்தது, ஜன்னல்ல மோதி அந்த ஏர்கான் பெட்டி மேல விழுந்து மூச்சு வாங்கிக்கிட்டுக் கிடந்துச்சு. நான் துணி எடுக்க உள்ள ஓடித் திரும்பறதுக்குள்ள காக்காய்ங்க அதைக் கிழிச்சிருச்சு. முதல்ல கொத்தினது விரல் கோணினதுதான். எனக்கு வந்த வெறி இருக்கே, விளக்குமாத்தை எடுத்து ஒரே வீச்சு. இறக்கையில பட்டுச்சு. அன்னையிலருந்து ஜன்னலோரம் ஒரு விளக்குமாறும் ஒரு வாளித் தண்ணியும் தயாரா இருந்துச்சு.

காக்காய்க்கு முகம் மறக்காது. இதைப் புத்தகத்துல படிச்சதும் உண்டு, அனுபவிச்சதும் உண்டு. ஃப்ளாட் வாசல்ல நான் இறங்கினா போதும், மரத்துல இருக்கிறதெல்லாம் ஒரே கத்தல். மோட்டார் பைக்கை எடுக்கப் போனா தலைக்கு மேல உரசிக்கிட்டுப் பறக்கும். தொப்பி போட்டுப் பார்த்தேன், குடை பிடிச்சுப் பார்த்தேன், ஏமாறல. அதுங்க குஞ்சுங்களுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கும் போல, இந்த வருஷம் பிறந்ததெல்லாம்கூட என்னைக் கண்டா திட்டுது. முனையில நான் நிக்கிற பாறைக்குப் பக்கத்துல ஒரு காக்கா இறங்காது. சவுக்கு மரத்து உச்சியிலருந்து காவல் காத்துக்கிட்டுக் கத்தும். பக்கத்து வீட்டுக்காரங்களைவிட எனக்கு இந்த ஏரியாவுல அதிகமா அறிமுகம் இருக்கறது காக்காய்ங்ககிட்டத்தான்.

இப்ப அண்ணன். ஆடியில அம்மாவோட வருஷத் திதியைக் கே.எல்லயே வச்சுக்கிட்டாரு. அவரு குடியிருக்கிற காண்டோ கட்டடத்து மொட்டை மாடியில வச்ச சோத்தை ஒரு காக்காகூடத் தொடலயாம். முப்பது மாடி உசரத்துல எந்தக் காக்கா வரும். ஆனா மனுஷன் ஆடிப் போயிட்டாரு. போன்ல குரலே இறங்கிப் போச்சு. “அம்மாவுக்கு என் மேல கோவம். கடைசியில நான் வரலல்ல. பினாங்குக்கு வந்து கடல்கரையில செஞ்சா ஏத்துக்குவாங்க. அங்க ஒரு காக்கா தின்னுச்சுன்னா போதும், எனக்குத் தூக்கம் வரும்” அப்படின்னாரு. நான் “வாங்கண்ணே, நல்ல இடமா நானே பார்த்து வைக்கிறேன்”னேன்.

நல்ல இடம்தான் பார்த்து வச்சேன். என் பாறைக்குப் பக்கத்துல.

மறைச்சுப் பேச எனக்கு வராது. அந்தச் சோத்தைக் காக்கா தின்னா, அம்மா அவரை மன்னிச்சுட்டாங்கன்னு அர்த்தம். நான் அது நடக்கக் கூடாதுன்னு நினைச்சேன். அத்தனை வருஷம் மலமும் மூத்திரமும் அள்ளினவ நான். அவரு ஒரு ஸ்பூன் நீட்டிப் பேர் வாங்கிட்டுப் போனாரு, இப்ப ஒரு உருண்டைச் சோத்தை வச்சுக் கணக்கை முடிச்சுட்டுக் கார் ஏறிடலாம்னு வர்றாரு. நடக்காதுலா. நான் அந்த இடத்துல நிக்கிற வரைக்கும் ஒரு காக்காயும் இறங்காது. நான் ஒண்ணும் செய்ய வேணாம், சும்மா நின்னாப் போதும்.

அமாவாசை காலையில கடல்கரை பூரா நம்ம ஆளுங்கதான். குடும்பம் குடும்பமா இலை போட்டு, எள்ளும் தண்ணியும் இறைச்சுக்கிட்டு இருந்தாங்க. எங்களுக்கு வந்த ஐயர் அன்னைக்கு இன்னும் பல இடம் போகணும், அவசரத்துல இருந்தாரு. வேட்டி கட்டத் தெரியாம பெல்ட் போட்டு நின்னாரு அண்ணன். என் கழுத்துல பைனாகுலரைப் பார்த்ததும் முகம் கடுகடுன்னு ஆச்சு.

“இன்னைக்கும் அதைத் தூக்கிக்கிட்டு வரணுமா?”

“நீங்களும் பறவையைத்தானே கூப்பிடப் போறீங்க. எங்க வருதுன்னு பார்த்துச் சொல்றேன்”னேன்.

தர்ப்பணம் முடிஞ்சுது. இலையில பிண்டத்தோட அம்மாவுக்குப் பிடிச்சதெல்லாம் வச்சாங்க, வடை, பாயசம், பருப்புச் சோறு. அண்ணன் நாலடி பின்னால நகர்ந்து கையைத் தட்டிக் கூப்பிட ஆரம்பிச்சாரு. கூப்பிட்டுப் பழக்கமில்ல, தொண்டை கட்டிக்கிச்சு. சவுக்கு மரத்துல காக்காய்ங்க இருந்துச்சு. பைனாகுலரை வச்சுப் பார்த்தேன். கீழ்க்கிளையில வலது கால் விரல் கோணி ஒண்ணு, கழுத்தைச் சாய்ச்சு என்னையேதான் பார்த்துக்கிட்டு இருந்துச்சு. நான் ஒரு அடிகூட நகரல.

அந்தப் பக்கம் வரிசையில எல்லா இலையிலயும் காக்கா இறங்கித் தின்னுக்கிட்டு இருந்துச்சு. அண்ணன் அதைப் பார்த்தாரு, எங்க இலையைப் பார்த்தாரு. வேர்த்து ஊத்துச்சு அவருக்கு. ஐயர் போனைப் பார்த்துட்டு, “போனவங்களுக்கு மனசுல ஏதோ குறை இருக்கு. என்னன்னு நினைச்சு ஒரு வாக்குக் குடுங்க, வந்துரும்”னாரு. இது நம்ம ஆளுங்க வழக்கம்தான். காக்கா வரலன்னா செத்தவங்களுக்கு எது குறையோ அதைச் செய்யறேன்னு வாய்விட்டுச் சொல்லணும்.

அண்ணன் கையைக் கூப்பினாரு. “அம்மா, தங்கச்சியை நான் பார்த்துக்கறேம்மா. கவலைப்படாதீங்க.”

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. இருமற மாதிரி முகத்தைத் திருப்பிக்கிட்டேன். காக்கா வரல. தண்ணிமலைக் கோயில்ல அபிஷேகம் பண்றேன்னாரு. வரல. அம்மா பேர்ல அன்னதானம்னாரு. வரல. ஐயர் அடுத்த இடத்துக்கு நேரமாச்சுன்னு செருப்பைத் தேட ஆரம்பிச்சாரு. அப்ப அண்ணன் திடீர்னு மணல்ல முட்டி போட்டு உட்கார்ந்துட்டாரு.

“அம்மா, நான் வேலைன்னு சொன்னது பொய்ம்மா. லீவு இருந்துச்சு. உங்களை அந்தக் கோலத்துல பார்க்கப் பயமா இருந்துச்சு. தைப்பிங் வரைக்கும் வந்துட்டு வண்டியைத் திருப்பிட்டேன்மா.”

அண்ணியே அப்பத்தான் கேக்குது போல, வாய் திறந்தபடி நின்னுச்சு. இந்த வார்த்தையை அவரு வாயிலருந்து கேக்கணும்னு நான் ஒரு வருஷத்துக்கு மேலா காத்திருந்தேன். கேட்டாச்சு. சந்தோஷமா இருக்கும்னு நினைச்சேன், தைப்பிங்ல வண்டியைத் திருப்பின அந்த மனுஷன் மேல கோவம்தான் இன்னும் ஏறுச்சு. அங்கிருந்து ஒண்ணரை மணி நேரம்கூட ஆகாது எங்க வீட்டுக்கு.

அவரு என்னைத் திரும்பிப் பார்த்தாரு. கண்ணெல்லாம் செவந்து போச்சு. “நீ கூப்பிடு. நான் கூப்பிட்டா வரமாட்டாங்க. தினம் ஊட்டினது நீதானே. உன் கையிலதானே உசுரோட இருந்தாங்க. நீ கூப்பிட்டா வருவாங்க.”

பொம்பளை வைக்கலாமான்னு அண்ணி இழுத்துச்சு. “வைக்கட்டும்”னாரு அண்ணன், அண்ணியை அவரு அதட்டி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பருப்புச் சோத்தை உருட்டி என் உள்ளங்கையில வச்சாரு. ‘தினம் ஊட்டினது நீதானே’ங்கிற ஒரு சொல்லுக்காகத்தான் நான் அத்தனை வருஷம் ஏங்கிக் கிடந்தேன், அது வர்றப்போ இப்படியா வரணும். மாட்டேன்னு சொல்ல முடியல. கையை நீட்டிக்கிட்டு இலைகிட்ட போனேன். என் தொண்டையிலருந்து அம்மா குரல்லயே “வாங்க, சாப்பிடுங்க”ன்னு வந்துச்சு.

மரமே வெடிச்ச மாதிரி அத்தனை காக்காயும் கிளம்புச்சு. ஒரே கத்தல். ஒண்ணு பின்னாலருந்து வந்து என் மண்டையில அடிச்சுட்டுப் போச்சு, சோத்துருண்டை மணல்ல விழுந்துச்சு. பக்கத்துக் குடும்பமெல்லாம் திரும்பிப் பார்த்தாங்க. அண்ணி மெதுவா, ஆனா எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுச்சு: “அத்தைக்குக் கோவம் வேற ஆளு மேல போல.”

நான் அண்ணன் முகத்தைப் பார்த்தேன். கண்ணைத் துடைச்சுக்கிட்டு இருந்த கை அப்படியே நின்னுச்சு. அந்த முகத்துல ஒரு நிம்மதி வந்துச்சே, அதை நான் சாகற வரைக்கும் மறக்கமாட்டேன். அஞ்சு நிமிஷத்துக்கு முன்னால என் கையிலதான் அம்மா உசுரோட இருந்தாங்கன்னு அழுதவரு. “நீ கொஞ்சம் அந்தப் பக்கமா போயிரேன்”னாரு.

போனேன். கார் நிறுத்தற இடத்துக்கும் தாண்டி, கக்கூஸ் சுவருக்குப் பின்னால போய் நின்னேன். நான் மறைஞ்சதும்தான் கத்தல் அடங்குச்சு. சுவரோரமா பைனாகுலரை நீட்டிப் பார்த்தேன். கீழ்க்கிளையிலருந்து அது இறங்குச்சு. மணல்ல தத்தித் தத்தி இலைக்கு வந்துச்சு. கோணின விரலை ஒதுக்கி வச்சுக்கிட்டு, வடையைத் தள்ளிட்டு, முதல்ல பருப்புச் சோத்தைத்தான் எடுத்துச்சு. அண்ணன் சின்னப் பிள்ளையாட்டம் விம்மி விம்மி அழுதாரு. “அம்மா வந்துட்டாங்க, அம்மா வந்துட்டாங்க.” அன்னைக்குக் காலையில தேன் பருந்து கூட்டம் கூட்டமா முனைக்கு நேர் மேல கடந்து போச்சாம். அப்புறம் வாட்ஸ்அப்ல எல்லாரும் படம் போட்டிருந்தாங்க. நான் ஒண்ணுகூடப் பார்க்கல.

கார்ல ஏறறப்போ அண்ணன் தெளிஞ்சுட்டாரு. கண்ணாடியை இறக்கி, நல்லவிதமாத்தான் சொன்னாரு: “அடுத்த வருஷம் நீ சிரமப்பட்டு வர வேணாம்லா. நீ தள்ளிப் போனதும் வந்துட்டாங்க, பாத்தியா. பரவால்ல, நான் அம்மாகிட்ட உனக்காகவும் கேட்டுக்கிட்டேன்.”

விளக்குமாறு, வாளித் தண்ணி, எல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதைன்னு ஒரே வார்த்தையில உடைச்சிருக்கலாம். அவரு மறுபடி தூக்கமில்லாம கே.எல் போய்ச் சேர்ந்திருப்பாரு. நான் “சரி”ன்னேன். அவரு மேல பாவப்பட்டு இல்ல. சொல்லி அதை வெறும் காக்காயாக்க எனக்கு அப்ப வாய் வரல. எங்க அம்மா கையை ஞாபகம் வச்சிருக்கிற உசுரு இந்தத் தீவுல இன்னும் ஒண்ணு இருக்கு, அதுக்கும் என்னைக் கண்டா ஆகாது.

வீட்டுக்கு வந்து குளிச்சுட்டு, பருப்பு வேக வச்சு, சோத்தைப் பிசைஞ்சு ஏர்கான் பெட்டி மேல வச்சேன். எதிர்க் கம்பியில அது உட்கார்ந்து கத்திக்கிட்டே இருந்துச்சு. வாளியைக் கொட்டினேன். விளக்குமாத்தைக் கொண்டுபோய்க் குளியலறையில போட்டேன். அப்பவும் வரல. “சரி, போ”ன்னு திட்டிட்டு அடுப்படிக்குப் போய் நின்னேன், அண்ணன் ஊட்டறப்போ நான் போய் நிப்பேனே, அதே இடத்துல. கொஞ்ச நேரத்துல தகரத்துல அலகு படற சத்தம் கேட்டுச்சு. நான் எட்டிப் பார்க்கல. பார்த்தா பாதியில விட்டுட்டுப் போயிரும்.